37க்கு 1 ஏற்றம்: எட்டுக்கு நாலு பலகையில் வண்டி ஏறுமா?

கண்பாலம்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையை, அது மீட்டர் கேஜாக இருந்த காலத்துத் தோற்றத்தில், வீட்டில் ஒரு பலகையில் மாடல் ரயிலாகச் செய்யப் பார்க்கிறேன். முழுப் பாதை இல்லை. கீழே தென்மலை மாதிரி ஒரு ஸ்டேஷன், நடுவில் ஒரு குகை, மேலே கழுதுருட்டி பக்கத்தில் இருக்கும் பதிமூன்று கண் பாலம். பதிமூன்று கண்ணுக்கு இடம் போதாது, ஏழோடு நிறுத்திக்கொள்வேன்.

ஹெச்.ஓ. அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), 16.5 மி.மீ. தண்டவாளம். மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. அல்லவா போட வேண்டும் என்று கேட்பீர்கள். தெரியும். அதன் விலையும் தெரியும். அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பலகை 2440க்கு 1220. பிளைவுட் வாங்கியாகிவிட்டது, இன்னும் ரம்பம் வைக்கவில்லை. திட்டம் இரண்டு சுற்று ஓவல். ஒரு இடத்தில் மேல் லைன் கீழ் லைனைத் தாண்டும். நிஜப் பாதை எங்கேயும் தன் மேல் தானே ஏறாது. எட்டடி நீளத்தில் எனக்கு வேறு வழியில்லை. தாண்டும் இடத்தில் கீழ்த் தண்டவாளத் தலைக்கும் மேல் தண்டவாளத் தலைக்கும் நடுவே 90 மி.மீ. வேண்டும். வண்டி போக 70, பிளைவுட் 12, கார்க்கும் தண்டவாளமும் சேர்த்து 8.

ஸ்டேஷன் முடியும் இடத்திலிருந்து பாலம் தொடங்கும் இடம் வரை ஏறுவதற்கு 3400 மி.மீ. இருக்கிறது. முதலில் நேர்லைன் 1000, பிறகு 438 மி.மீ. ரேடியஸில் ஒரு அரைவட்டம் (ஹார்ன்பி என்ற மாடல் ரயில் கம்பெனியின் இரண்டாம் ரேடியஸ், நீளம் 1376), அப்புறம் மறுபடியும் நேர்லைன் 1024. இறங்கும் பக்கம் இதைவிட நீளம், அங்கே கவலை இல்லை.

90ஐ 3400 ஆல் வகுத்தால் 2.65 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 37க்கு 1 (37 மி.மீ. போனால் 1 மி.மீ. ஏறுவது). அந்த மலைப்பாதையின் நிஜமான ஏற்றமும் அதேதானே! கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

என் கேள்விகள்: இந்த ஏற்றத்தில் ஐந்து பெட்டி ஏறுமா? கடையில் 2, 3, 4 சதவீதம் என்று வெட்டிய ஃபோம் சரிவுகள் கிடைக்கின்றன, எதை வாங்குவது? போட்ட பிறகு ஏற்றம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படி அளப்பது?

குட்ஸ்வண்டி எழுதியது:

இன்ஜின் என்ன எடை, பெட்டி என்ன எடை என்று சொல்லாமல் ஏறுமா என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஊட்டி ரயில் 12க்கு 1 ஏறுகிறது. நீங்கள் 37க்குப் பயப்படுகிறீர்களே!

கண்பாலம்_மதுரை எழுதியது:

வைத்துப் பார்த்தேன். டீசல் இன்ஜின் 380 கிராம், எல்லாச் சக்கரமும் ஓடுகிற வகை, ரப்பர் டயர் கிடையாது. பெட்டி ஒவ்வொன்றும் சுமார் 130 கிராம். ஐந்து பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர் நீளம். இரண்டு பெட்டிகளுக்குள் விளக்கு இருக்கிறது, சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கும் தகடு வைத்தது.

ஓய்வு_பிவே எழுதியது:

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் பெர்மனன்ட் வேயில், அதாவது தண்டவாளப் பாதை வேலையில், இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்றமும் வளைவும்தான் எனக்குச் சோறு போட்டது. இப்போது பேரன் பெயரைச் சொல்லி வீட்டில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். பேரன் பெங்களூரில் இருக்கிறான்.

முதலில் ஊட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் அந்த 12க்கு 1. அங்கே நடுவில் பல்தண்டவாளம் கிடக்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. குன்னூருக்கு மேலே பல் கிடையாது. அங்கே ஏற்றம் 25க்கு 1 தான், அதுவே வெறும் சக்கரத்துக்கு அதிகம். உங்கள் பலகையில் பல் இல்லை, அதனால் அந்த ஒப்பீடு வேண்டாம்.

இனி உங்கள் கணக்கு. 90ஐ 3400 ஆல் வகுத்தது சரிதான், ஆனால் அது சராசரி. இன்ஜின் சராசரியில் ஏறுவதில்லை, ஒவ்வொரு இடமாக ஏறுகிறது. எந்த இடம் மோசமோ அங்கேதான் நிற்கும். அந்த மோசமான இடத்தில் உங்கள் ஏற்றம் 37க்கு 1 இல்லை. 21க்கு 1. எப்படி என்று சொல்கிறேன்.

சமதளத்திலிருந்து சட்டென்று ஏற்றத்துக்கு மடக்கக் கூடாது. மடக்கினால் அடியில் இன்ஜினின் முன்பக்கம் தண்டவாளத்தில் இடிக்கும், உச்சியில் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், கொக்கிகள் ஒன்றுக்கொன்று மேலேறிக் கழன்றுகொள்ளும். அதனால் அடியிலும் உச்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். உங்கள் இன்ஜின் நீளத்துக்கு ஆளுக்கு 300 மி.மீ. கொடுங்கள். அந்த 300க்குள் முழு ஏற்றம் கிடைக்காது, பாதிதான் கிடைக்கும். இரண்டு முனையிலும் பாதி பாதி போனால் மொத்தத்தில் ஒரு 300 உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே வகுக்க வேண்டியது 3400 ஆல் இல்லை, 3100 ஆல். 2.9 சதவீதம். இப்போதே 34க்கு 1 ஆகிவிட்டது.

அடுத்தது வளைவு. நிஜ ரயிலில் வளைவு வந்தால் ஏற்றத்தைக் குறைப்போம். வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தில் உரசும், அந்த உரசலும் ஒரு ஏற்றம் மாதிரிதான் வண்டியைப் பிடித்து இழுக்கும். பிராட் கேஜில் ஒரு டிகிரி வளைவுக்கு 0.04 சதவீதம் கழிக்க வேண்டும், மீட்டர் கேஜில் 0.03. டிகிரி என்றால் 1750ஐ மீட்டர் கணக்கில் ரேடியஸால் வகுத்து வருவது. பிராட் கேஜில் 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ரேடியஸ், அதைவிட இறுக்கி வளைக்கக் கூடாது. அங்கே கழிப்பது 0.4 சதவீதம். மீட்டர் கேஜில் 16 டிகிரி வரை போகலாம், ரேடியஸ் 109 மீட்டர்.

உங்கள் 438 மி.மீ. ரேடியஸை 87 ஆல் பெருக்கிப் பாருங்கள். 38 மீட்டர். இந்தியாவில் எந்த மெயின் லைனிலும் அப்படி ஒரு வளைவைப் போட என்னை விட்டிருக்க மாட்டார்கள். மாடல் என்பதால் வண்டி திரும்பிவிடுகிறது, ஆனால் உரசல் எங்கே போகும்? ஹெச்.ஓ.வுக்கு ஜான் ஆலன் என்ற அமெரிக்க மாடலர் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது: 32ஐ அங்குல ரேடியஸால் வகுத்தால் வளைவு எத்தனை சதவீத ஏற்றத்துக்குச் சமம் என்று வரும். மில்லிமீட்டரில் என்றால் 813ஐ ரேடியஸால் வகுங்கள். உங்களுக்கு 813 வகுத்தல் 438, வருவது 1.86. தோராயம்தான், ஆனால் பலகையில் ஒத்துவருகிறது.

2.9 உடன் 1.86 சேர்த்தால் 4.76. அதுதான் அந்த 21க்கு 1. போதாக்குறைக்கு உங்கள் வண்டி நீளம் ஒன்றரை மீட்டர், அரைவட்டம் 1376. கிட்டத்தட்ட மொத்த வண்டியும் ஒரே நேரத்தில் வளைவுக்குள் இருக்கும்.

இதற்கு மருந்து நிஜ ரயிலில் செய்வதுதான். வளைவில் ஏற்றத்தைக் குறைத்து, குறைத்ததை நேர்லைனில் போடுங்கள். நேர்லைனில் 3.73, வளைவில் 1.87 என்று வைத்துப் பார்த்தேன். அதே 90 மி.மீ. கிடைக்கிறது. வளைவில் உரசலைச் சேர்த்தால் அங்கேயும் 3.73. இன்ஜினுக்கு வழி நெடுக ஒரே பாரம்தான் தெரியும். ஒரு பைசா செலவில்லாமல் 4.76 என்பது 3.73 ஆகிறது. ஆகவே உங்கள் ஃபோம் கேள்விக்குப் பதில்: மூன்றில் எதையும் வாங்காதீர்கள். ஒரே சதவீதத்தில் வெட்டிய துண்டு வளைவுக்கும் அதே ஏற்றத்தைத்தான் கொடுக்கும்.

இழுவைக்கு வருவோம். வெறும் சக்கரத்தில் ஓடும் மாடல் இன்ஜின் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 380 கிராமுக்கு 76 கிராம். நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். கொக்கியில் நூல் கட்டி, மேசை ஓரத்தில் ஒரு பழைய ஜோடிச் சக்கரத்தை உருளை மாதிரி வைத்து அதன் மேல் நூலைப் போட்டு, தொங்கும் முனையில் ஒரு காகிதக் கப். கப்பில் அரிசி போட்டுக்கொண்டே வாருங்கள். சக்கரம் நின்ற இடத்தில் சுற்ற ஆரம்பித்ததும் கப்பை அப்படியே தராசில் வையுங்கள். அதுதான் உங்கள் இன்ஜினின் இழுவை.

பெட்டி எவ்வளவு இழுக்க வைக்கும் என்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, பெட்டியை வைத்து விரலால் லேசாகத் தள்ளுங்கள். நின்றுவிட்டால் ஒரு முனையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். தள்ளிய வேகத்திலேயே, கூடாமல் குறையாமல் பெட்டி உருண்டு போகும் உயரம் ஒன்று வரும். அந்த உயரம் 25 மி.மீ. என்றால் பெட்டியின் உராய்வு அதன் எடையில் 2.5 சதவீதம். நல்ல கூர்முனை அச்சு வைத்த பெட்டி இதைவிடக் குறைவிலேயே ஓடும். விளக்குத் தகடு உரசுகிற பெட்டி 4 வரை கேட்கும்.

2.5 என்றே வைத்துக் கணக்குப் போட்டால், 4.76இல் ஒரு பெட்டிக்கு 9.4 கிராம் இழுவை வேண்டும். இன்ஜின் தன்னைத் தூக்கவே 18 கிராம். மிச்சம் 58. ஆறு பெட்டி. விளக்குப் பெட்டிகள் 4 கேட்டால் ஐந்துகூட நூலிழையில்தான் போகும், தண்டவாளத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டால் போச்சு. வளைவைச் சரிசெய்து 3.73 ஆக்கினால் அதே ஐந்து பெட்டி நிம்மதியாக ஏறும்.

ரப்பர் டயர் போட்ட இன்ஜின் வாங்கினால் ஆயிற்று என்று யாராவது வந்து சொல்வார்கள். ஏறும். ஆனால் ரப்பர் தேயும், தண்டவாளத்தில் கரி பூசும், அந்தச் சக்கரம் கரண்ட் எடுக்காது. பாதையைச் சரியாகப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அளப்பதைப் பற்றி. ஃபோனில் டிகிரி காட்டும் செயலி வேண்டாம். பின்னால் கேமரா புடைத்துக்கொண்டிருக்கும், ஃபோனே சரிவாகத்தான் உட்காரும். ஒரு டிகிரி என்பது 1.75 சதவீதம், நமக்குக் கால் டிகிரியே பெரிய விஷயம். கொத்தனார் ரசமட்டம் இரண்டடி நீளத்தில் வாங்குங்கள், 600 மி.மீ. இருக்கும். அதன் ஒரு முனைக்கு அடியில் 18 மி.மீ. கட்டை ஒன்றை ஒட்டுங்கள். கட்டை முனையைக் கீழ்ப்பக்கமாக வைத்துத் தண்டவாளத்தில் உட்கார வைத்தால், குமிழி நடுவில் நிற்கும் இடம் சரியாக 3 சதவீதம். 12 மி.மீ. கட்டை என்றால் 2 சதவீதம். ரயில்வேயில் இதைவிடப் பெரிய கருவி இருக்கிறது, உள்ளே வேலை செய்யும் தத்துவம் இதுதான்.

பலகை எந்த அறையில் இருக்கப் போகிறது?

தெமோதரைக்காரன் எழுதியது:

ஐயா சொன்ன வளைவுக் கணக்கை நானும் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் இலங்கையில் பதுளையில் பிறந்து இப்ப ரொறன்ரோவில் நிலவறையில் கோச்சி (ரயில்) ஓடவிடுகிற ஆள். என்னுடையது 'N' ஸ்கேல், 9 மி.மீ. தண்டவாளம். எங்கட மலைநாட்டுப் பாதை பிராட் கேஜ். ஏற்றம் 44க்கு 1. தெமோதரையில் என்ன செய்தார்கள் என்றால், கோச்சி ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுற்றிக் கீழே இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியால் குகைக்குள்ளே போகும். உங்களுக்குத் தேவையான, தன்னைத் தானே தாண்டுகிற பாதை அங்கே நிஜமாகவே இருக்கிறது. நான் அதைத்தான் கட்டினேன். என் ஸ்கேலில் 50 மி.மீ. உயரம் போதும், 44க்கு 1 என்றால் 2200, இரண்டு முனைக்கும் சேர்த்து 200, ஆக 2400 மி.மீ. அப்படியே ஒரு முழு வட்டமாக வளைத்தால் ரேடியஸ் 380. உங்கட பலகையில் மூலையில் ஒதுங்கிவிடும்.

ஸ்கேலை மாற்றச் சொல்லவில்லை, இன்ஜினெல்லாம் வாங்கிவிட்டீர்கள். ஆனால் தெமோதரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. மேல் லைனை மட்டும் ஏன் முழு 90உம் தூக்க வேணும்? கீழ் லைனைக் கொஞ்சம் இறக்குங்கோ. தாண்டும் இடத்திலிருந்து உங்கட ஸ்டேஷன் வரை எவ்வளவு தூரம்?

கண்பாலம்_மதுரை எழுதியது:

தாண்டும் இடத்திலிருந்து ஸ்டேஷன் தொடக்கம் வரை 1200 இருக்கிறது. அதைச் சமதளமாகத்தான் வரைந்திருக்கிறேன்.

ஐயா, பலகை மொட்டைமாடி அறையில் வரும். முதலில் திறந்த மாடியாக இருந்ததை மேலே ஷீட் போட்டு அறையாக்கினோம்.

ஓய்வு_பிவே எழுதியது:

தெமோதரைக்காரர் சொன்னது ரொம்பச் சரி. அந்த 1200 சும்மா கிடக்கிறது. தாண்டும் இடத்தில் கீழ் லைனை 20 மி.மீ. பள்ளத்தில் விடுங்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஏற, இரண்டு முனை வளைப்பு போக 900இல் 20, அதாவது 2.2 சதவீதம். ஸ்டேஷனுக்கு அப்புறம் 70 ஏறினால் போதும். 3100இல் 70 என்றால் 2.26, அவர்கள் ஊரின் 44க்கு 1 தான். வளைவுக்குக் கழித்துப் போட்டால் நேர்லைன் 3.1, வளைவு 1.2. உரசலோடு சேர்த்து வழி நெடுக 3.1. 4.76இல் தொடங்கினோம், நினைவிருக்கட்டும்.

30, 40 என்று பேராசைப்படாதீர்கள். 30 இறக்கினால் அந்தச் சின்னத் துண்டே 3.3 ஆகிவிடும். ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற வண்டிக்கு அது தொல்லை இல்லை, ஆனால் இறங்கும் பக்கத்திலிருந்து சுற்றி வரும் வண்டி பள்ளத்தில் விழுந்து உடனே எழ வேண்டும், கொக்கிகள் தளர்ந்து இறுகும்போது நடுப்பெட்டி குதிக்கும்.

உயரக் கணக்கு. ஸ்டேஷன் முடிவை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு நூல் பிடித்து அளந்து வாருங்கள். 300இல் உயரம் 5 மி.மீ. (கணக்கில் 4.6). 1000இல், வளைவு தொடங்குகிற இடம், 26. 2376இல், வளைவு முடிகிற இடம், 43. 3100இல் 65. 3400இல் 70. நடுவில் 300க்கு ஒரு தாங்கி கொடுங்கள். தாங்கிக்குக் கட்டை வெட்டி வெட்டி நொந்துபோகாதீர்கள். எட்டு மி.மீ. த்ரெட் ராடு வாங்கி, மேலும் கீழும் நட்டு போட்டால் திருகித் திருகி மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கலாம். அதன் மேல் 6 மி.மீ. பிளைவுட் பட்டை. அடி முனையை பலகையோடு இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டு அடுத்த தாங்கியில் தூக்கினால், அந்த 300க்குள் பட்டை தானாகவே அழகாக வளைந்துகொள்ளும். அதைச் செதுக்கிச் செய்ய முயன்றால் ஒருநாளும் வராது. பட்டையின் இணைப்பும் தண்டவாளத்தின் ஃபிஷ்பிளேட்டும் (இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் தகடு) ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே முட்டு விழும்.

20 மி.மீ. பள்ளத்துக்குப் பலகையை வெட்டத்தான் வேண்டும். தண்டவாளம் போகும் வழியின் இரண்டு பக்கமும் ஜிக்சாவால் அறுத்து, அந்தப் பட்டையை மட்டும் கீழே அமுக்கி, அடியில் ரீப்பர் கட்டை வையுங்கள். இதனால்தான் ரம்பம் வைக்கவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது மாடி அறை. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று மொட்டைமாடித் தளத்துக்கு வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்பது கொத்தனார்கள் சாதாரணமாக வைக்கிற வாட்டம். நாலு காலும் ஒரே உயரத்தில் வெட்டிய மேசையை அங்கே வைத்தால், பலகை நீளத்துக்கு 24 மி.மீ. சாய்ந்து நிற்கும். உங்கள் நேர்லைன் ஏற்றம் அந்தத் திசையில் இருந்தால் 3.1 என்று நினைத்துக்கொண்டு 4.1 போட்டிருப்பீர்கள். ஸ்டேஷனும் சாயும். நிஜ ரயிலில் ஸ்டேஷன் யார்டு 400க்கு 1க்கு மேல் சரியக் கூடாது, அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது என்பது விதி. கழற்றிவிட்ட வண்டி தானாக உருண்டு போய்விடக் கூடாது அல்லவா. பலகைக்கும் அதே நியாயம்தான், ஓடுகிற பெட்டி நன்றாக ஓடும்.

குட்ஸ்வண்டி எழுதியது:

என் பலகையும் மாடி அறையில்தான். இப்போதே போய் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன். சைடிங்கில் விட்ட வேகன்கள் எல்லாம் காலையில் பஃபர் பக்கத்தில் கூடி நிற்கும், பூனை வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கண்பாலம்_மதுரை எழுதியது:

இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டு வருகிறேன். அரிசிக் கப் 74 கிராமில் சக்கரத்தைச் சுற்ற வைத்தது. சாதாரணப் பெட்டி மூன்றும் 24 மி.மீ. உயரத்தில் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. விளக்குப் பெட்டி இரண்டும் 40 கேட்கின்றன. தளத்தின் வாட்டம் பலகை நீளத்துக்கு 14 மி.மீ., ஏற்றத்தின் முதல் நேர்லைன் போகிற திசையில் உயர்கிறது. மேசைக் காலுக்குத் திருகு வைத்த பாதங்கள் சொல்லியிருக்கிறேன்.

ஏறுமா ஐயா?

ஓய்வு_பிவே எழுதியது:

ஏறும். சாதாரணப் பெட்டி மூன்றுக்கும் சேர்த்து 21.5 கிராம், விளக்குப் பெட்டி இரண்டுக்கும் 18.5. மொத்தம் 40. இன்ஜின் தன்னைத் தூக்க 12 போனால் உங்கள் 74இல் மிச்சம் 62. ஆறாவது பெட்டி தாராளமாகப் போடலாம். ஏழாவதும் தண்டவாளத்தைத் துடைத்த அன்றைக்கு ஏறும், தூசி படிந்த அன்றைக்கு ஏறாது.

விளக்குப் பெட்டி இரண்டையும் இன்ஜினை ஒட்டியே மாட்டுங்கள். கடைசியில் மாட்டினால், அவை பின்னால் பிடித்து இழுக்க, முன்னால் இன்ஜின் இழுக்க, நடுவில் இருக்கிற இலேசான பெட்டி வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்து கவிழும். மூன்றாவது பெட்டிதான் பெரும்பாலும் விழும்.

பாலத்தின் தொடக்கத்தை உச்சி வளைப்பு முடிந்த பிறகு வையுங்கள், குறைந்தது ஒரு கையகலம் தள்ளி. கண்பாலத்தின் மேல்கோடு சமமாக இருக்கும்போது தண்டவாளம் மட்டும் வளைந்து ஏறினால் முதல் கண்ணுக்கு மேலேயே இடைவெளி பல்லைக் காட்டும்.

தெமோதரைக்காரன் எழுதியது:

பள்ளத்தில் விடுகிற லைனுக்கு மேலே கையை விட்டு எடுக்க வழி வையுங்கோ. தடம்புரளும் கோச்சி வெளிச்சமான இடத்தில் புரளாது, குகைக்குள்ளேதான் புரளும்.